பெருங்குடலின் பசி

மலக்குடல் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை பெறுவோரில் பலருக்குச் சில மாதங்கள் வரை வயிற்றில் ஒரு திறப்பு அமைக்கப்படுகிறது. மலம் அத்திறப்பின் வழியே வெளியேறி, வயிற்றின் மேல் ஒட்டப்பட்ட பையில் சேரும். கீழே இணைத்துத் தைக்கப்பட்ட குடல் நன்றாக ஆறவேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த இடைக்காலத்தில், மலமே செல்லாத ஆசனவாய் வழியாகச் சளியும் சில வேளை இரத்தமும் வெளிப்படக் கண்டு, குடும்பத்தார் பதறி நோயாளியை எங்கள் பிரிவுக்கு அழைத்து வருவதுண்டு. ஓய்விலிருக்கும் குடலில் இரத்தம் எப்படி வந்தது, பழைய நோய் திரும்பிவிட்டதா என்பதே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி.

அந்த அச்சத்தை வெறும் ஆறுதல் மொழியால் போக்க நாங்கள் முயல்வதில்லை. உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கிறோம். தேவையெனில் சிறு திசுத் துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறோம். பெரும்பாலும் அங்கே காண்பது புற்றுநோயன்று. சிவந்து, தொட்டாலே கசியும் அளவுக்கு நொய்ந்துபோன உட்சுவர்தான். மலம் திசைதிருப்பப்பட்டதால் ஏற்படும் இக்குடல் அழற்சி, 1981ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளில் தனியொரு நிலையாக விவரிக்கப்பட்டது. இதன் காரணத்தை எளிய சொற்களில் கூறுவதானால், அந்தக் குடல் பசித்திருக்கிறது.

உணவைச் செரிக்கும் உறுப்புக்கே பசியா என்று வியப்புத் தோன்றலாம். நம் உடலின் உறுப்புகளுள் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய எரிபொருளை இரத்தத்திலிருந்து பெறுகின்றன. பெருங்குடலின் உட்சுவரை மூடியிருக்கும் செல்கள் இதற்கு விதிவிலக்கு. இரத்தம் அவற்றுக்கும் பாய்கிறது என்றாலும், அவை விரும்பி உண்பது குடலின் உட்புறத்திலிருந்து வரும் ஓர் அமிலத்தை. அதன் பெயர் பியூட்டிரேட். 1980ஆம் ஆண்டில் ரோடிகர் என்னும் அறுவை மருத்துவர், மனிதப் பெருங்குடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களை ஆராய்ந்து, அவை பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஒரு பொருளை எரிப்பதற்கே செலவாகிறது என்று காட்டினார். இந்த அமிலத்தை நம் உடல் குடலுக்குள் சுரப்பதில்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்களே அதைத் தயாரிக்கின்றன.

மலம் திசைதிருப்பப்பட்ட குடலில் பாக்டீரியாக்களுக்கு உணவு வருவதில்லை. ஆகவே அவற்றால் பியூட்டிரேட்டும் தயாரிக்க இயலாது. 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் சிலரின் மலக்குடலுக்குள் பியூட்டிரேட்டும் அதன் உறவு அமிலங்களும் கலந்த நீரைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது, சில வாரங்களில் அழற்சி தணிந்தது. பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உறுதியான தீர்வு ஒன்றுதான்: உரிய காலத்தில் திறப்பை மூடி, குடலை மீண்டும் இணைத்து, மலம் பழைய வழியில் செல்ல விடுவது. அதன்பின் பெரும்பாலோருக்கு அந்தச் சிவப்பு தானாகவே மறைகிறது.

பை வைத்திருக்கும் சிலரிடம் மட்டும் காணப்படும் இந்நிலையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நல்ல பாக்டீரியா' என்ற சொல் இன்று தயிர்ப் புட்டியிலும் விளம்பரத்திலும் அடிபடுகிறது. ஆனால் அந்த நன்மை என்ன, அது எவ்வழியாக நமக்கு வந்து சேர்கிறது என்பதை இந்நிலையைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. பாக்டீரியா குடலில் இருக்கிறதா என்பதைவிட, அது எதை உண்டு எதை உண்டாக்குகிறது என்பதே முக்கியம்.

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று கணக்கிடப்பட்டுள்ளது. மனிதச் செல்களைப் போல் பத்து மடங்கு என்று பழைய நூல்கள் கூறியது மிகை. இரண்டும் கிட்டத்தட்டச் சமமே. அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில்தான் குடியிருக்கிறது. நாம் உண்ணும் சர்க்கரை, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பங்கைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சி வருபவை, நம் செரிமான நீர்களால் உடைக்க முடியாத நார்ச்சத்தும் செரிக்கப்படாத சிறிது மாவுச்சத்தும். இவற்றை நொதிக்கச் செய்து பாக்டீரியாக்கள் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூன்று சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. முதலிரண்டில் பெரும்பகுதி இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் பிற உறுப்புகளுக்கும் செல்கிறது. மூன்றாவதைக் குடற்சுவரே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது.

பியூட்டிரேட் என்னும் பெயர் வெண்ணெயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்கு இவ்வமிலமே காரணம். இதைக் கேள்விப்பட்ட நோயாளிகள் சிலர், அப்படியானால் நெய்யை நிறையச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆவலுடன் கேட்கின்றனர். நெய்யில் இது சிறிதளவு இருப்பது உண்மைதான். ஆனால் அது பெருங்குடலை எட்டும் முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வேண்டிய பியூட்டிரேட் அங்கேயே தயாராக வேண்டும். வாய்வழியே அனுப்பிவைப்பது எளிதன்று.

இந்த அமிலம் எரிபொருளாக மட்டும் பயன்படுவதில்லை. குடற்சுவர் இதை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் குடலின் உட்புறம் ஏறத்தாழ ஆக்சிஜன் இல்லாத இடமாக நீடிக்கிறது. பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் பட்டால் மடிபவை. அவற்றுக்கு ஏற்ற வீடு இதுதான். எலிகளில் நடந்த ஆய்வுகளில், பியூட்டிரேட் குறைந்தவுடன் குடலுக்குள் ஆக்சிஜன் கசியத் தொடங்கி, சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருகுவது தெரியவந்தது. நார்ச்சத்தே இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகளிலோ வேறொரு கேடு நேர்ந்தது. உண்ண வேறொன்றும் இல்லாத பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நேரும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இருப்பினும் குரோன் நோய் உள்ளவர்களின் குடலில், பியூட்டிரேட் தயாரிப்பதில் முதன்மையான ஃபீகாலிபாக்டீரியம் என்னும் இனம் குறைந்திருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

இம்மூன்று அமிலங்களுக்கும் இன்னொரு பணி உண்டு. பெருங்குடல், உப்பையும் அதனுடன் நீரையும் உறிஞ்சிக்கொள்ள இவை தூண்டுகின்றன. வயிற்றுப்போக்கில் உயிரைக் குடிப்பது நீரிழப்பே என்பதை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும். இதைச் சிகிச்சையாக மாற்றிக் காட்டிய முக்கியமான ஆய்வு நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காலரா கண்ட 48 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல், இரண்டாவது குழுவுக்கு அதனுடன் அரிசி மாவு, மூன்றாவது குழுவுக்கு அதனுடன் சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவு கொடுக்கப்பட்டது. வழக்கமான கரைசல் மட்டும் பெற்றோருக்கு வயிற்றுப்போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆயிற்று. மக்காச்சோள மாவு பெற்றோருக்கு 57 மணி நேரமே ஆயிற்று. செரிக்காத மாவு பெருங்குடலை அடைந்து, பாக்டீரியாக்களால் அமிலமாக மாற்றப்பட்டு, அங்கே நீரை மீட்டுத் தந்தது என்பதே இதன் விளக்கம். அடுத்த ஆண்டில் வங்கதேசத்தின் டாக்காவில், நாட்பட்ட வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்கு வேகவைத்து மசித்த வாழைக்காய் கொடுத்து நடத்திய ஆய்வும் இதே வழியில் நற்பலன் கண்டது. (இதைப் படித்துவிட்டு வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துடன் கையில் கிடைத்த மாவைக் கலந்துவிட வேண்டாம். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் அதை மட்டும் கரைத்துக் கொடுங்கள்.)

பாக்டீரியா உண்டாக்கும் எல்லாப் பொருளும் நன்மை தருவதில்லை. நார்ச்சத்து தீர்ந்தபின் அவை புரதத்தின் மிச்சத்தை உண்கின்றன. அப்போது அம்மோனியா முதலியன உண்டாகின்றன. நலமான கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு அதே அம்மோனியா மூளைவரை சென்று மயக்கத்தையும் குழப்பத்தையும் விளைவிக்கும். அவர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் லாக்டுலோஸ் பாகும் பாக்டீரியாக்களுக்கான உணவே. அவை அதை அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அம்மோனியா இரத்தத்தில் கலக்காமல் மலத்துடன் வெளியேறுகிறது. மலச்சிக்கல் இல்லையே, இந்த மருந்து எதற்கு என்று எண்ணி வீட்டார் நிறுத்திவிடுவதும், சில நாட்களில் நோயாளி தன்னிலை இழந்து அவசரப் பிரிவுக்கு வருவதும் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் துயரம். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகவேண்டும் என்பதே அம்மருந்தின் அளவுகோல். அதற்கு மேற்பட்டால் நிறுத்தவேண்டாம். அளவைக் குறைப்பது பற்றி எங்களைக் கேளுங்கள்.

இனி, பெருங்குடல் புண் அழற்சி நோயால் வருந்துவோருக்கு ஒரு சொல். ரோடிகரே 1980இல் இந்நோயைப் பெருங்குடலின் எரிபொருள் பற்றாக்குறை எனக் கருதலாமா என்று வினவினார். கவர்ச்சியான கருத்துதான். ஆனால் பியூட்டிரேட்டை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்த்த ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தந்தன. இந்நோயில் குடற்செல்கள் கிடைத்த எரிபொருளையும் சரிவரப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்கிக்கொண்டிருக்கிறது. எனவே மெசலமைன் மாத்திரையை விட்டுவிட்டுத் தயிருக்கோ பாக்டீரியாப் பொடிக்கோ மாறுவது தீவிரமான ஆபத்து. நலமாக இருக்கும் மாதங்களில்தான் இந்த ஆசை எழுகிறது என்பதையும் கவனித்திருக்கிறோம். நலமாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை நோயாளியிடம் மட்டுமன்றி, அன்பினால் அறிவுரை கூறும் உறவினர்களிடமும் நாங்கள் சொல்லவேண்டியிருக்கிறது.

உணவுக்கு வருவோம். நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெள்ளைச் சோறு ஒரு தட்டு உண்டால் அதில் ஓரிரு கிராமுக்கு மேல் இராது. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் உண்டால் ஏறத்தாழ 10 கிராம் கிடைத்துவிடும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கேழ்வரகு, கம்பு, கீரை, அவரை, கொத்தவரை, தோலுடன் கொய்யா ஆகியவை நம் சமையலறைக்குப் புதியன அல்ல. விலையிலும் பாக்டீரியாப் பொட்டலங்களுக்கு அருகில் வாரா. சோறும் உருளைக்கிழங்கும் வெந்து ஆறும்போது அவற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத மாவாகிறது. பழைய சோற்றுக்குப் பெருங்குடல் நன்றி சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று. எனினும் அந்தப் பகுதி சிறியதே. பழைய சோறு மருந்தாகிவிடாது. இரவு முழுதும் வெளியில் ஊறிய சோற்றில் நல்லவை மட்டுமே பெருகும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்போர் ஆகியோர் அதைத் தவிர்க்கவேண்டும் என்றே நாங்கள் கூறுகிறோம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், முயற்சியே வெறுத்துப்போகும். வாரத்துக்கு ஒரு பண்டமாகக் கூட்டுங்கள், நீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்குப் பயறும் வெங்காயமும் பெருந்தொல்லை தரும். அவர்கள் ஊட்டச்சத்து வல்லுநரைக் கண்டு தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்வது நல்லது.

எல்லோருக்கும் நார்ச்சத்து நன்றே என்று எண்ணிவிடக் கூடாது. குரோன் நோயாலோ, நம் நாட்டில் இன்றும் அடிக்கடி காணும் குடல் காசநோயாலோ குடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்தால், கீரைத் தண்டும் முழுப்பயறும் அங்கே சிக்கி அடைப்பை உண்டாக்கலாம். சிறுகுடலைத் திறந்து புதிதாகப் பை வைக்கப்பட்டவர்களுக்கு முதல் ஆறு வாரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உணவு உண்டபின் வயிறு முறுக்கி வலிப்பது, வாந்தி, காற்றும் மலமும் நின்றுபோவது ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். அப்போது காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

பாக்டீரியாக்களைப் பேணுவதில் உணவுக்கு நிகரான இடம் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு உண்டு. அதுவும் அவற்றைத் தேவையின்றி உண்ணாமல் இருப்பதில். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று மாத்திரைகள், நோய்க்குக் காரணமான வைரசை ஒன்றும் செய்வதில்லை. குடலில் உள்ளவற்றைத்தான் அழிக்கின்றன. தேவையானபோது இம்மருந்துகள் உயிர் காப்பவை; மருத்துவர் எழுதித் தந்ததைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. நாங்கள் சொல்வது தேவையற்றதைப் பற்றி மட்டுமே.

அந்த அழிவின் கடுமையான விளைவு டிஃபிசில் எனப்படும் கிருமியின் தொற்று. இக்கிருமி விதை போன்ற உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடல் பாக்டீரியாக்கள் வேறுவகைப் பித்த அமிலங்களாக மாற்றுகின்றன. மாற்றப்பட்டவை இக்கிருமியை வளரவிடுவதில்லை. மாற்றப்படாதவையோ அந்த உறையை விழித்தெழச் செய்கின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்தால் பாக்டீரியாக்கள் மடிந்தபின் மாற்றும் வேலையைச் செய்ய ஆளில்லை. மீண்டும் மீண்டும் இத்தொற்றுக்கு ஆளானவர்களுக்கு, நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் செலுத்தும் சிகிச்சை உள்ளது. கேட்கும்போது அருவருப்பாகத் தோன்றும். ஆனால் 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒரே முறை செலுத்தியதிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்தை மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே குணமடைந்தனர். கொடையாளரைப் பலவகைத் தொற்றுகளுக்கும் பரிசோதித்த பின்பே இது மருத்துவமனையில் செய்யப்படுகிறது. வீட்டில் முயலத்தக்கது அன்று.

ஆன்டிபயாட்டிக் உண்டபின் ஈடுசெய்யப் பாக்டீரியா மாத்திரை உண்ணலாமே என்று பலரும் கேட்கின்றனர். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், அவ்வாறு உண்டவர்களின் இயல்பான பாக்டீரியாக்கள், ஒன்றும் உண்ணாதவர்களைவிடத் தாமதமாகவே திரும்பின. வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை போலும். சில குறிப்பிட்ட நிலைகளில் நாங்களே இம்மாத்திரைகளை எழுதித் தருகிறோம். மற்றவர்கள் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் கேட்காமல் உண்ணவே கூடாது. வீட்டில் தோய்த்த தயிர் நல்ல உணவு. அதைத் தொடர்வதற்கு எங்கள் அனுமதி வேண்டியதில்லை.

ஆன்டிபயாட்டிக் உண்ணும் நாட்களிலோ, முடித்தபின் இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளோ, நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நீராக மலம் போனால் எங்களுக்குத் தெரிவியுங்கள். எந்த மருந்தை, எப்போது உண்டீர்கள் என்பதை எழுதி எடுத்து வாருங்கள். போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கி உண்ணவேண்டாம். நோயாளியைப் பராமரிப்பவர்கள் கைகளைச் சோப்பும் நீரும் கொண்டே கழுவவேண்டும். வார்டு வாயிலில் வைத்திருக்கும் சானிடைசர் மற்ற கிருமிகள் பலவற்றுக்குப் போதுமானது. உறைக்குள் இருக்கும் டிஃபிசிலை அது கொல்லாது.